மடியிலே மழலை, மன்றத்திலே முறையீடு

வீரர்களின் வரலாற்றை எழுதுவோர், அவர்கள் வீட்டு அடுக்களை எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. களம் சென்றவனின் குழந்தைக்கு அன்றிரவு கஞ்சி ஊட்டியவர் யார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகே விழித்திருந்தவர் யார் என்பவையெல்லாம் ஏட்டிலே ஏறாத செய்திகள். ஆனால், நாம் இங்கு எடுத்துப் பேசும் அம்மையாரின் வரலாற்றிலே அடுக்களையை அகற்றிவிட்டால் எஞ்சுவது ஏதுமில்லை. அவர் எழுப்பிய கேள்விகள் அங்கே பிறந்தவை. அவர் தீட்டிய முறையீடுகள் தொட்டில் ஓரத்திலே தீட்டப்பட்டவை.

அமெரிக்க நாட்டு நியூயார்க் மாநிலத்தில் செனகா பால்ஸ் என்றோர் ஊர். 1847ஆம் ஆண்டு, அவ்வூரின் ஓரத்திலே, நெடுநாள் பூட்டிக் கிடந்த பழைய வீடொன்றில் குடிபுகுந்தார் எலிசபெத் கேடி ஸ்டாண்டன். உடன் வந்தவர் மூன்று சிறுவர். வீட்டைக் கொடுத்தவர் தந்தை டேனியல் கேடி. நீதிபதியாக அமர்ந்தவர், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். பெண்ணால் எதுவும் இயலும் என்கிறாயே, இதோ பணம், இதோ வீடு, நீயே செப்பனிட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினாராம். மகள் தச்சரையும் கொத்தரையும் வண்ணம் பூசுவோரையும் அழைத்தார், வேலையை முடித்தார். அதுவரை பாஸ்டன் நகரிலே அறிஞர் கூட்டத்தோடு அளவளாவிக் களித்தவர் அவர். இங்கோ, சேறு நிறைந்த தெரு, நிலைக்காத வேலையாட்கள், அடிக்கடி வெளியூர் சென்றுவிடும் வழக்கறிஞர் கணவர், குளிர்காய்ச்சலில் விழுந்து எழும் பிள்ளைகள்.

அவருடைய இளமையைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்வோம். தந்தையின் அலுவல் அறைக்குக் கண்ணீரோடு பெண்கள் வருவார்கள். கணவன் சொத்தை அழித்துவிட்டான், என் பணத்தை மீட்டுத் தாருங்கள் என்பார்கள். தந்தை ஏட்டைப் புரட்டிக் காட்டுவார்: திருமணமான பெண்ணின் பொருளும் கூலியும் கணவனுடையவை, பெற்ற பிள்ளையின் பாதுகாவலனும் அவனே, தான் இறந்த பின்பு பிள்ளை யாரிடம் வளர வேண்டுமென்று உயிலெழுதி வைக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, அந்தச் சட்டங்களையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிடத் திட்டமிட்டாள்! தந்தை சிரித்தார். இந்த ஏட்டை வெட்டினால் வேறு ஏடு இருக்கிறது, மாற்ற வேண்டுமானால் சட்டமன்றத்திற்குச் செல்ல வேண்டும் என்று விளக்கினார். விளையாட்டாகச் சொன்னார். வினையாக முளைத்தது.

மற்றொன்று 1826இல் நடந்தது. அந்த வீட்டின் ஒரே மகன், கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞன், மாண்டுபோனான். துயரத்திலே ஆழ்ந்த தந்தையின் மடியிலே ஏறி அமர்ந்தாள் பத்து வயது மகள். அவரோ, நீ ஆணாகப் பிறந்திருக்கலாகாதா என்று ஏங்கினார். அன்று தொடங்கிக் குதிரையேற்றம் பயின்றாள். கிரேக்க மொழி கற்றாள். பள்ளியிலே ஆண்களோடு போட்டியிட்டுப் பரிசும் பெற்று, ஓடோடி வந்து தந்தையின் முன் வைத்தாள். மீண்டும் அதே ஏக்கப் பெருமூச்சு! அந்தப் பெருமூச்சை அவர் முதுமை வரை மறக்கவில்லை.

1840இல் திருமணம். கணவருக்குக் கீழ்ப்படிவேன் என்னும் சொல்லை மணவுறுதியிலிருந்து நீக்கச் செய்தே மணந்துகொண்டார். அவ்வாண்டே, அடிமை ஒழிப்பு மாநாட்டுக்காகக் கணவருடன் இலண்டன் சென்றார். அடிமைத்தளை அறுக்கக் கூடிய அந்த மன்றம், அமெரிக்காவிலிருந்து வந்த பெண் பேராளர்களைப் பேராளராக ஏற்க மறுத்துத் தனியே ஒதுக்கி அமர்த்தியது. ஒதுக்கப்பட்டோரில் ஒருவர் லுக்ரீஷியா மாட். இருவரும், ஊர் திரும்பியதும் பெண்களுக்கென ஒரு மாநாடு கூட்டுவது என்று பேசிக்கொண்டனர். பேச்சு பேச்சாகவே எட்டாண்டு கிடந்தது. ஏன் கிடந்தது என்று கேட்பவர்கள், அந்த எட்டாண்டில் அந்த வீட்டில் எத்தனை தொட்டில் ஆடின என்று எண்ணிப் பார்க்கட்டும்.

முதல் மகன் 1842இல் பிறந்தான். பிறந்த நான்காம் நாள், குழந்தையின் கழுத்தெலும்பு வளைந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் வந்தார்; தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிக் கட்டினார்; பத்து நாள் அவிழ்க்கக் கூடாதென்று கட்டளையிட்டுச் சென்றார். சற்று நேரத்தில் குழந்தையின் கை நீலம் பாரித்தது. கட்டை அவிழ் என்றார் தாய். மருத்துவர் கட்டியதைத் தொடமாட்டேன் என்றாள் தாதி. தாமே அவிழ்த்தார். வேறொரு மருத்துவரை அழைத்தார்கள். முன்னவரின் அறியாமையை எண்ணி வியந்த இவரும், மணிக்கட்டுக்குப் பதில் கையைச் சேர்த்து அப்படியே கட்டினார். விரல் நுனிகள் கறுத்தன. அதையும் அவிழ்த்தெறிந்த அந்த இளந்தாய், தலையணைகளில் சாய்ந்தவாறு எண்ணினார். வேண்டுவது எலும்பின்மேல் சிறிது அழுத்தம். கையை ஏன் கட்ட வேண்டும்? துணிப்பட்டை மூன்று கொண்டுவரச் செய்து, ஒன்றை மடித்து நனைத்து எலும்பின்மேல் வைத்தார். மற்ற இரண்டையும் தோள்வார் போலக் குறுக்காக மாட்டி இடையிலே பொருத்தினார். குழந்தை நலமடைந்தது.

திரும்பி வந்த மருத்துவர்கள், ஆணின் அறிவைவிடத் தாயின் இயல்புணர்ச்சி மேலானதுதான் என்று பெருந்தன்மையோடு புகழ்ந்தார்களாம். இயல்புணர்ச்சி ஏதுமில்லை, நான் முயன்று சிந்தித்தேன் என்றார் அம்மையார். இந்த விடையை நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறோம். தாய்மையைத் தெய்வமாக்கி, அறிவை மட்டும் அவளிடமிருந்து பறித்துக்கொள்ளும் புகழ்ச்சி அது. புகழ் வேண்டாம், அறிவுக்கு மதிப்புக் கொடுங்கள் என்று கேட்டவர் அவர். குழந்தையைத் துணியால் சுற்றி இறுக்குவது, காற்றுப் புகாமல் சாளரத்தை அடைப்பது என்று வழிவழி வந்த பழக்கங்களையும் அன்றே தூக்கி எறிந்தார்.

செனகா பால்ஸ் வீட்டின் அமளியைக் காட்டாமல் மேலே செல்ல மனமில்லை. மூத்த மகன் தக்கைகளைக் கோத்து மிதவை செய்தான். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே! ஒன்றரை வயதுத் தம்பி இருந்தான். ஊர்ச் சிறுவர் புடைசூழ, தள்ளுவண்டியிலே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், ஆடை களைந்து, அக்குளிலே தக்கைகளைக் கட்டி, ஆற்றில் மிதக்க விட்டார்கள். அலறி ஓடிவந்த தாய் மீட்டபோது பிள்ளை குளிரால் நீலம் பாய்ந்திருந்தான். மறுநாள் அதே பிள்ளை, கூரை உச்சியிலே, புகைபோக்கியின்மேல் அமர்ந்திருப்பதைத் தெருவில் சென்ற நண்பர் ஒருவர் கண்டு, ஓசையின்றி மேலேறி இறக்கினார். பிறிதொரு நாள், அண்ணன்மார் மூவரும் தம்பியைப் புகையறையிலே பூட்டினர். தண்டனையாக அவர்களைப் பரணிலே அடைத்தால், சாளரக் கம்பிகளை உதைத்துத் தள்ளிவிட்டு, இடிதாங்கிக் கம்பி வழியே வழுக்கி இறங்கி ஓடிவிட்டார்கள்!

இவற்றோடு ஊர்ப்பணியும் இருந்தது. அயலிலே வாழ்ந்த ஏழை ஐரிஷ் மக்களின் வீடுகளில் பேறுகாலத்துக்கு உதவினார். குடித்துவிட்டு அடிக்கும் கணவன்மாரிடையே சென்று நின்றார். படிக்க நூல்கள் கொடுத்தார். ஊரார் கூடி உரையாட ஒரு கழகமும் நடத்தினார். வேலைகள் குவியக் குவிய, இது என் ஒருத்தியின் பாடா, பெண்ணினத்தின் பாடா என்ற கேள்வி கிளர்ந்தது.

1848 சூலை 13. பக்கத்து ஊரான வாட்டர்லூவில், ஜேன் ஹண்ட் என்பாரின் வீட்டுத் தேநீர் மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்தனர். வந்திருந்தவர்களில் லுக்ரீஷியா மாட் ஒருவர், அவருடைய தங்கை மார்த்தா ரைட் அப்போது கருவுற்றிருந்தார், வீட்டுக்காரியிடமோ கைக்குழந்தை. அங்கேதான் ஸ்டாண்டன் தம் உள்ளத்துக் குமுறலைக் கொட்டினார். மாநாடு என்று முடிவாயிற்று. மறுநாளே உள்ளூர் ஏட்டில் அறிவிப்பு வெளிவந்தது. ஐந்தே நாள் இடைவெளி! விடுதலைச் சாற்றுரையை முன்மாதிரியாக வைத்து, மன்னனின் பெயர் இருந்த இடத்தில் ஆணினத்தைக் குற்றவாளியாக நிறுத்தி, உணர்வுகளின் சாற்றுரையைத் தீட்டினர். சூலை 19ஆம் நாள் காலை, கூட்டம் நடக்க வேண்டிய தேவாலயம் பூட்டிக் கிடந்தது. ஒரு சிறுவனைச் சாளரத்தின் வழியே உள்ளே இறக்கித் தாழ் நீக்கினார்கள்.

ஏறத்தாழ முந்நூறு பேர் கூடினர். சொத்துரிமை, கல்வி, தொழில் ஆகியவை பற்றிய தீர்மானங்கள் தடையின்றி நிறைவேறின. பெண்ணுக்கு வாக்குரிமை என்ற தீர்மானம் வந்தபோது கூட்டம் தயங்கிற்று. நம்மை எள்ளி நகையாடுவார்கள் என்று லுக்ரீஷியா மாட்டே அஞ்சினார். அப்போது எழுந்து ஆதரித்துப் பேசியவர், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த கறுப்பின மாவீரர் பிரெடரிக் டக்ளஸ். தீர்மானம் தப்பிப் பிழைத்தது. 68 பெண்களும் 32 ஆண்களும் சாற்றுரையில் கையொப்பமிட்டனர். ஏடுகள் எள்ளிய பின்னர், கையொப்பத்தைத் திரும்பப் பெற்றோரும் உண்டு. அன்று ஸ்டாண்டனின் மக்களில் மூத்தவனுக்கு வயது ஆறு. இளையவனுக்கு மூன்று நிரம்பவில்லை.

1851இல் இருவர் அவர் வாழ்க்கைக்குள் வந்தனர். ஒருவர் சூசன் அந்தோணி. பெயரும் புகழும் பெற்றவர். மற்றவர் அமீலியா வில்லர்டு. அந்த வீட்டிலே ஏறத்தாழ முப்பது ஆண்டு தங்கி, சமைத்து, பிள்ளைகளை வளர்த்த பெண். இந்த அமீலியா இல்லையேல் ஸ்டாண்டனின் எழுத்திலே பெரும்பகுதி இல்லை. உரிமைப் போரின் பட்டியலிலே அந்தப் பெயரைக் காண்பது அரிது. கூலிக்கு உழைத்த கையென்பதால் மறந்தார்களோ? நாம் இங்கே குறித்து வைக்கிறோம்.

திருமணம் செய்துகொள்ளாத சூசன் ஊர் ஊராகச் சுற்றினார், செய்தி திரட்டினார், கூட்டம் கூட்டினார். சொல்லாற்றல் ஸ்டாண்டனிடம் இருந்தது. ஆனால் வீட்டைவிட்டு நகர இயலாது. 1856இல் ஆசிரியர் மாநாட்டில் பேசச் சூசனுக்கு ஓர் உரை வேண்டியிருந்தது. ஸ்டாண்டனின் மடியிலோ அவ்வாண்டு சனவரியிலே பிறந்த ஆறாவது குழந்தை, ஹாரியட். நீ வந்து குழந்தையை வைத்துக்கொண்டு, அடுக்களையையும் பார்த்துக்கொள்வாயானால் நான் எழுதித் தருகிறேன் என்று பதில் போனது. வந்தார் சூசன். இப்படி எத்தனையோ முறை! ஒருவர் களி கிளறுவார், மற்றவர் சட்டத்தைக் கிழிப்பார்.

உடையிலும் ஒரு போர் நடந்தது. தரையிலே புரளும் நீள்பாவாடைக் காலம் அது. ஒரு கையிலே விளக்கும் மறு கையிலே குழந்தையுமாக, குட்டையான மேலாடையும் காற்சட்டையும் அணிந்த உறவினப் பெண் மாடிப்படியில் எளிதாக ஏறிச் செல்வதைக் கண்டார் ஸ்டாண்டன். தாமும் அணிந்தார். தெருவிலே கூச்சல், தந்தைக்குச் சினம். விடுதிப் பள்ளியில் படித்த மகனே, அந்த உடையோடு என்னைப் பார்க்க வராதே அம்மா என்று எழுதினான். ஈராண்டுக்குப் பின் கைவிட்டார். உடையின்மீது கண் பதித்தவர்கள் உரையைக் கேட்க மறந்தார்கள் என்பதே காரணம். இதனைத் தோல்வி என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அந்த மகனின் மடல் அவருக்குச் சுட்டிருக்கும்.

1860 மார்ச்சு மாதம், நியூயார்க் சட்டமன்ற அவையிலே நின்று தாமே பேசினார். கத்தரிக்கோல் ஏந்திய சிறுமிக்கு அப்போது வயது 44. ஏழு குழந்தைகளின் தாய். திருமணமான பெண் ஈட்டும் கூலி அவளுக்கே சொந்தம், அவள் வழக்குத் தொடுக்கலாம், பிள்ளைகளுக்குத் தந்தையைப் போலவே தாயும் பாதுகாவலர் என்ற சட்டம் அம்மாதமே நிறைவேறியது. வெற்றிதான். ஆனால் உள்நாட்டுப் போர் மூண்டது. மாநாடுகளை நிறுத்திவிட்டுப் பெண்கள் போர்க்காலப் பணிகளிலே மூழ்கினர். அந்த வேளை பார்த்து, 1862இல், பிள்ளைகள்மீது தாய்க்கு வழங்கிய சம உரிமையைச் சட்டமன்றம் ஓசையின்றிப் பறித்துக்கொண்டது! பெற்றவளுக்குத் தந்த உரிமை ஈராண்டுதான் நிலைத்தது.

போருக்குப் பின் அவர் செய்த பிழையையும் மறைக்க மாட்டோம். கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமை வழங்கும் பதினைந்தாம் திருத்தம், பெண்ணை விட்டுவிட்டது என்பதற்காக அதனை எதிர்த்தார். எதிர்த்தது மட்டுமா? கறுப்பினத்தாரையும் குடியேறி வந்த ஏழைகளையும் கல்லாதார் என்று இழித்துப் பேசினார். எந்த டக்ளஸ் கைகொடுத்தாரோ, அதே டக்ளஸ் 1869இல் எதிர்நின்று, எங்கள் மக்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்களே என்று முறையிட நேர்ந்தது. ஐரிஷ் குடிசைகளிலே பேறு பார்த்த கைதான் அதையும் எழுதிற்று. உரிமை கேட்டு எழுந்தவர், தம்மினும் தாழ்த்தப்பட்டவரின் தோள்மீது ஏறி நிற்க முயன்றது கறையே. ஏழு பிள்ளைகளின் பாரம் அதற்கு விடையாகாது.

பிள்ளைகள் வளர்ந்ததும், ஆண்டுக்குப் பல திங்கள் தொடர்வண்டியிலே ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றிப் பொருள் ஈட்டினார். அந்தப் பணம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குப் போயிற்று. 1902இல் மறைந்தார். சூசன் 1906இல் மறைந்தார். வாக்குச் சீட்டை உரிமையோடு கையிலேந்தும் நாளை இருவருமே காணவில்லை.

1856இல் சூசனின் மடியிலே கிடந்த அந்த ஆறாவது குழந்தை ஹாரியட், கல்லூரியில் பட்டம் பெற்று, மணந்து, இருபதாண்டு இங்கிலாந்திலே வாழ்ந்து, தாய் மறைந்த ஆண்டிலே அமெரிக்கா திரும்பினார். 1907இல் ஆலைப் பெண்களையும் அலுவலகப் பெண்களையும் சேர்த்து, தம் உழைப்பால் வாழும் பெண்களுக்கென ஒரு சங்கம் கண்டார். நியூயார்க் தெருக்களிலே அணிவகுப்பு நடத்தினார். 1917 நவம்பரில் அம்மாநிலத்து ஆடவர் வாக்களித்துப் பெண்ணுக்கு வாக்குரிமை வழங்கினர். 1920இல் நாடு முழுவதும் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, 1848ஆம் ஆண்டுச் சாற்றுரையிலே கையொப்பமிட்ட பெண்களில் உயிரோடிருந்தவர் ஒரே ஒருவர், சார்லட் உட்வர்டு. அன்று கையுறை தைத்துக் கூலி பெற்ற சிற்றூர்ப் பெண் அவர். தேர்தல் நாளன்று நோயுற்றிருந்ததால், அவர் வாக்களிக்கச் செல்லவில்லை.