நீர், வடிவு, நிறம்: தமிழகத்தில் முத்தைத் தரம் பார்த்த முறை

முத்தைத் தரம் பிரிக்கத் தமிழில் இருந்த பழஞ்சொற்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. அக்கோயிற் சுவர்களில், முதலாம் இராசராசன் (985–1014) சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து செய்த நகைகளின் கணக்கு இருக்கிறது.

ஒவ்வொரு நகையிலும் கோத்த முத்துகளை அந்தக் கணக்கு வகைவகையாக எழுதுகிறது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று பெயர்கள் வருகின்றன. வட்டம் உருண்டையானது, அனுவட்டம் ஏறக்குறைய உருண்டையானது, இரட்டை ஒட்டிப் பிறந்தது. ஒளியை ‘நீர்’ என்றார்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று அதிலும் பிரிவு உண்டு. எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குன்றியிலும். ஒரு முத்துக்கூடக் கணக்கில் தப்பக்கூடாது என்ற கவனம் அந்த வரிகளில் தெரிகிறது. இத்தனை பெயர்களுக்கிடையே கறுத்த முத்துக்கென்று ஒரு பெயர் இல்லை. அதற்குக் காரணம் சிப்பி.

மன்னார் வளைகுடாவின் ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டுகளில் கூட்டமாக வளர்வது பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற முத்துச்சிப்பி. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இதன் முத்து வெண்மையாகவோ, பாலேட்டு நிறத்திலோ, மெல்லிய பொன்மையுடனோ, இளஞ்சிவப்புச் சாயலுடனோ இருக்கும். கொற்கைத் துறைமுகத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது இந்தச் சிப்பிதான். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கொற்கை கடலை விட்டு உள்ளே தள்ளிப்போக, துறைமுகம் காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் மாறியது. போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், அடுத்து ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் மாறினார்கள். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவர்கள் பெரும்பாலும் பரதவர்களே. சுறா தாக்காதிருக்க மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ இல்லாமல் அவர்கள் கடலில் இறங்கியதில்லை.

முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் ‘சலாபம்’ என்று பெயர். அரசின் பங்காக வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வணிகர்கள் கேட்டார்கள். ஏலம் எடுத்த சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, அடியில் தங்கும் முத்துகளைப் பொறுக்கியபின் தரம் பார்க்கும் வேலை தொடங்கும். அதற்குப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் உண்டு, பெயர் ‘பெட்டி’. முதல் பெட்டியில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளை எண்ணிக்கை கூடக் கூடத் துளை சிறுத்துக்கொண்டே போகும். இருபது துளைப் பெட்டியில் தங்கியது பெருமுத்து. ஆயிரத்திலும் நில்லாமல் விழுந்தது தூள். பிறகு ஒவ்வொரு பெட்டியின் முத்தையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பார்கள். உருட்சியிலும் நீரிலும் குறையில்லாதது ஆணி. இவற்றில் சற்றே குறைந்தது அணதாரி. கோணலும் மங்கலும் குருவல், கழிப்பு என்று கீழே இறங்கும். எடை போட்டது மஞ்சாடியில். இராசராசன் காலத்து எடையே ஒன்பது நூற்றாண்டுக்குப் பின்னும் முத்து வணிகரின் தராசில் நின்றது. அவர்களின் கைப்பழக்கம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த சலாபமே கடைசி. எனவே புதிதாகக் குளித்தெடுத்த தூத்துக்குடி முத்து என்று சொல்லி விற்கப்படுவதை நம்புவதற்கில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை விளைவித்தது. அந்த ஆய்வை நடத்தியவர் கே. அழகர்சாமி.

கருமுத்து தருவது வேறு சிப்பி. பிங்க்டாடா மார்கரிடிஃபெரா என்னும் அந்தக் கருவிளிம்புச் சிப்பி ஃபுகாட்டாவைவிட இருமடங்குக்கும் மேல் பெரிதாக வளரும். ஓட்டின் உள்விளிம்பு கறுத்திருக்கும். இந்தியாவில் அந்தமான் தீவுகளில் இது உண்டு. பெருநிலக் கரையோரம் அரிதாகத் தென்படும். சந்தைக்கு வரும் கருமுத்தில் பெரும்பகுதி பிரெஞ்சு பாலினேசியாவில், தாகித்தியைச் சுற்றிய தீவுகளில் 1960-களில் தொடங்கிய வளர்ப்பிலிருந்து வருகிறது. வேறொரு சிப்பியின் மென்தோல் துண்டையும் ஓட்டில் கடைந்த மணியையும் உள்ளே வைப்பார்கள். அந்தத் தோல்துண்டே முத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ‘கருமுத்து’ என்று பெயரே தவிர, அட்டக்கரி நிறத்தில் வருவது குறைவு. சாம்பல், மயிற்பச்சை, கத்தரிப்பூ நிறங்களே மிகுதி.

ஆகவே மைபோல ஒரே கறுப்பில், மணிக்கு மணி மாறாத சரம் ஐயத்துக்குரியது. வெளிர் முத்தை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து ஒளியில் காட்டினால் கறுத்துவிடும். வாக்களித்த விரலில் வைக்கும் மையும் இதே உப்பால்தான் கறுக்கிறது. நன்னீர் மட்டியின் முத்தைக் காமாக் கதிரால் கறுக்கச் செய்வதும் உண்டு. இந்தியாவின் ஏரி, குளங்களில் வாழும் லாமெல்லிடென்ஸ் அத்தகைய நன்னீர் மட்டிகளுள் ஒன்று.

பல்லில் மெல்ல உரசினால் நறநறப்பது முத்துப்பூச்சு; வழுக்கினால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. ஆனால் சாயமேற்றியதும் உண்மையான முத்துதான் என்பதால் அதுவும் நறநறக்கும். பல் அங்கே உதவாது. உருப்பெருக்கியில் துளையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். சாயம் துளையிலும் சிறு பள்ளங்களிலும் தேங்கித் திட்டாகத் தெரியும். நீண்ட அலைப் புற ஊதா ஒளியில் கருவிளிம்புச் சிப்பியின் முத்து பெரும்பாலும் செம்பழுப்பாக ஒளிரும். வெள்ளி உப்பேறியது ஒளிராது. சிப்பியில் தானாக விளைந்ததா, மணி வைத்து வளர்த்ததா என்பதைக் காட்ட எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டும். வெள்ளி கலந்திருப்பதை எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை காட்டிக்கொடுக்கும். விலை கூடிய சரம் வாங்குபவர், சிப்பியின் இனம், நிறம் இயற்கையா ஏற்றியதா, வளர்ப்பா இயல்பா என்ற மூன்றையும் குறிக்கும் ஆய்வகச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.