ஒரு படத்துக்கு 28 வினாடி

1993-ல் மொசைக் உலாவி வந்த பிறகுதான் எழுத்துக்கு நடுவே படமும் தெரியும் வலைப்பக்கங்கள் பரவலாயின. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ், சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள யாருக்கும் இலவச இடம் தந்தது. வீட்டுப் பூனை முதல் கல்யாண ஆல்பம் வரை ஏற்றிவிட ஆசை யாருக்குத்தான் இருக்காது?

இடைஞ்சல் தொலைபேசிக் கம்பியில் இருந்தது. 28.8 கேபிபிஎஸ் மோடத்தில் 100 கேபி படம் ஒன்று வந்துசேரக் குறைந்தது 28 வினாடி. பத்துப் படம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம்! அதற்குள் பார்க்க வந்தவர் கிளம்பிவிடுவார்.

ஆகவே ஒவ்வொரு கேபியிலும் சிக்கனம். ஜிஃப் கோப்பில் அதிகபட்சம் 256 நிறங்கள். அதையும் 32, 16 என்று குறைத்தால் கோப்பு இன்னும் சுருங்கும். புகைப்படங்களுக்கு ஜேபெக். முகப்பில் நகத்தளவு படங்கள் மட்டும். வேண்டியவர் சொடுக்கினால் பெரிய படம். நெட்ஸ்கேப்பில் 'லோசோர்ஸ்' என்றொரு வசதி, முதலில் மட்டமான சிறு படத்தைக் காட்டிவிட்டு நல்ல படத்தைப் பின்னால் கொண்டுவரும். படங்களை வரிசையாக நிறுத்த அட்டவணைக் கட்டங்களும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் ஜிஃப்பும் கைகொடுத்தன.

2009 அக்டோபரில் அமெரிக்க ஜியோசிட்டீஸை யாஹூ மூடியது. தன்னார்வலர்கள் அவசரமாக நகலெடுத்ததால் நிறைய பக்கங்கள் தப்பின, எல்லாம் தப்பவில்லை. அன்று 28 வினாடி காத்திருந்தால் வந்த படங்களில் சில, இனி எவ்வளவு காத்திருந்தாலும் வராது.