காயலான் கடையும் கணினியும்: பினாங்குத் தீவின் ஒரு கைத்தொழில் வரலாறு

பழைய பொருள்களை வாங்கி விற்கும் கடையைத் தமிழ்நாட்டு மக்கள் காயலான் கடை என்பர். காயல்பட்டினத்து வணிகர் அத்தொழிலில் முன்னின்றமையால் அப்பெயர் வந்தது என்று காரணம் கூறுவது வழக்கம். இரும்பையும் பித்தளையையும் எடைபோட்டு விற்ற அக்கடைகளின் மரபில் இந்நாளில் கணினி உறுப்புகளும் வந்து சேர்ந்துள்ளன. பழைய செயலி, பழைய நினைவகம், பழைய கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைத் தேடியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி ஒன்றை ஆக்கிக்கொள்ளும் பழக்கம் உலகெங்கும் இளைஞரிடையே பரவியிருக்கிறது.

இதனைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று கருதி ஒதுக்கிவிடுவோர் பலர். ஆராய்ந்து பார்க்குமிடத்து, இதன் பின்னே ஒரு நீண்ட தொழில் வரலாறு இருப்பது புலனாகும். அவ்வரலாற்றைக் காண்பதற்குப் பினாங்குத் தீவைப் போலப் பொருத்தமான இடம் வேறொன்று அரிது. உலகத்துக் கணினிகளுக்குரிய சில்லுகளை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பொருத்தித் தரும் தீவு அது. அங்கே பொருத்தப்பட்ட சில்லுகள் நாடு பல சுற்றி, பழம்பொருளாகிய பின் அத்தீவின் சந்தைக்கே திரும்பி வரவும் கூடும்.

துறைமுகம் தொழிற்பேட்டையான கதை

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவினார். தீர்வையற்ற துறைமுகம் என்ற நிலையே ஜார்ஜ் டவுன் நகரின் செல்வத்துக்கு அடிப்படையாயிற்று. சூலியா வீதியும், தமிழர் கடைத்தெரு என்று அழைக்கும் மார்க்கெட் வீதியும் அந்த வணிகத்தின் சின்னங்கள். ஆனால், 1969-இல் அத்துறைமுகம் தீர்வை விலக்கை இழந்தது. வேலையின்மை பெருகிற்று. அவ்வாண்டிலேயே முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் யூ, வணிகத்தை மட்டும் நம்பி இனி வாழ இயலாது எனக் கண்டார். அந்த ஆண்டிலேயே பினாங்கு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறக்கப்பட்டது.

நெல் விளைந்த நிலத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் முதலில் வந்தவை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை பினாங்கில் 1972-இல் தொடங்கியதேயாகும். 1975-இல் அது தீக்கிரையாகியும் மீண்டும் எழுந்தது.

அங்கே நடைபெற்ற வேலை யாது? சிலிக்கன் தகட்டில் மின்சுற்றுகளைப் பொறிக்கும் வேலை கடலுக்கப்பால் நடந்தது. அத்தகட்டைத் துண்டுகளாக அறுப்பதும், உருப்பெருக்கியின் கீழ் மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பிகளை இணைப்பதும், உறையிட்டுச் சோதிப்பதும் பினாங்கில் நடந்தன. இவ்வேலையைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். உலகத்துக்குக் கணினியின் மூளையைப் பொருத்திக் கொடுத்த அக்கைகளுக்கு, அக்கணினி எட்டாப் பொருளாகவே இருந்தது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் தொடக்க விலை 1,565 அமெரிக்க டாலர். சாதாரணத் தொழிலாளி ஒருவர் அக்காலத்தில் அதனை வாங்க நினைத்தும் இரார்.

பொதுவிதி பிறந்த வரலாறு

அந்த ஐ.பி.எம். கணினியே நாம் பேசும் கைத்தொழிலுக்கும் வித்திட்டது. விரைந்து சந்தைக்கு வரவேண்டும் என்ற அவசரத்தால், ஐ.பி.எம். தன் உறுப்புகள் அனைத்தையும் தானே செய்யவில்லை. இன்டெலின் 8088 செயலியையும் வெளிச்சந்தையில் கிடைத்த பிற உறுப்புகளையும் கொண்டு அதனை அமைத்தது. அமைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டது. அடிப்படை நிரலாகிய பயோஸ் மட்டுமே அதன் தனியுரிமையாக எஞ்சியது. காம்பேக் நிறுவனம் அந்நிரலைப் படியெடுக்காமல், அதன் செயலை மட்டும் ஆராய்ந்து, புதிதாகத் தானே ஒன்று எழுதி 1983-இல் தன் கணினியை விற்பனைக்கு அனுப்பிற்று. 1984-இல் பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய பயோஸை யாவருக்கும் விற்கத் தொடங்கியது. அதன்பின், கணினி என்பது ஒரு நிறுவனத்தின் சொத்தாக இல்லாமல், பலரும் பின்பற்றும் பொதுவிதியாக மாறிற்று.

இந்த ஒழுங்கு தமிழுக்கும் பயன்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இல் முரசு என்னும் தமிழ்ச் செயல்முறையை உருவாக்கினார். அமைப்பு வெளிப்படையாயிருந்த கணினியாதலால், பெருநிறுவனத்தின் இசைவை எதிர்பாராமல் தனி ஒருவர் அதற்குத் தமிழ் எழுதக் கற்பிக்க முடிந்தது.

1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை மற்றொரு படியாகும். மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் நீள அகலமும், திருகாணித் துளைகளின் இடமும் அதனால் வரையறுக்கப்பட்டன. இருபதாண்டு பழைய பெட்டி ஒன்றில் இன்றைய தாய்ப்பலகையைப் பொருத்த முடிவது இதனால்தான். உறுப்புகள் ஒன்றையொன்று ஏற்கும் இப்பண்பு இல்லையேல், பழைய உறுப்பு என்பது வெறும் குப்பையேயாகும்.

சில்லின் மேல் ஒரு சாசனம்

கல்வெட்டாராய்ச்சியில் ஈடுபட்டோர், ஒரு கல்லின் காலத்தையும் இடத்தையும் அதன் எழுத்தைக் கொண்டே துணிவர். பழைய உறுப்பு வாங்குவோர்க்கும் இத்தகைய படிப்பு வேண்டியிருக்கிறது. செயலியின் உலோக மூடியின் மேல் பொறிக்கப்பட்ட சிற்றெழுத்துகளே அவர்களுக்குச் சாசனம்.

1990-களிலும் அதன் பின்னும் வந்த இன்டெல் செயலிகள் பலவற்றின் மேல் ‘மலாய்’ என்னும் சொல் ஆங்கில எழுத்தில் காணப்படும். பினாங்கிலோ அண்டை மாநிலமாகிய கெடாவின் கூலிமிலோ உறையிட்டுச் சோதிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். ஏ.எம்.டி. செயலிகளில் இச்சாசனம் இன்னும் தெளிவானது. ‘ஜெர்மனியில் பொறிக்கப்பட்டது, மலேசியாவில் செய்யப்பட்டது’ என்று பொருள்படும் இரு வரிகள் அவற்றுள் பலவற்றில் உண்டு. ஜெர்மனி என்பது டிரெஸ்டன் நகரத் தொழிற்சாலையைக் குறிக்கும். மலேசியா என்பது பினாங்கைக் குறிக்கும். அப்பினாங்குத் தொழிற்கூடத்தின் 85 விழுக்காட்டுப் பங்கு 2016-இல் சீன நாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. தொகுதி எண்ணின் இலக்கங்களோ செய்யப்பட்ட ஆண்டையும் வாரத்தையும் காட்டும். விற்பவர் ‘புதியது’ என்று சொன்னாலும், சில்லின் எழுத்து உண்மையைச் சொல்லிவிடும்.

மாற்றியமைக்கும் கலை

உறுப்பை வாங்கிப் பொருத்துவதோடு இக்கலை முடிவதில்லை. உள்ள உறுப்பிலிருந்து கூடுதல் பயனைப் பெறுவதும் இதன் பகுதி. 1998-இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ என்னும் மலிவு விலைச் செயலி இதற்குச் சிறந்த சான்று. அது 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை நான்கரை மடங்காக்கி 300 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அடிப்படைத் துடிப்பை 100 ஆக உயர்த்தினால் அதே செயலி 450-இல் ஓடிற்று. அதன் தொடுமுனைகளுள் ஒன்றைச் சிறு ஒட்டுநாடாவால் மறைப்பதே சில தாய்ப்பலகைகளில் அதற்குப் போதுமானதாக இருந்தது. அக்காலத்தில் மிக உயர்ந்த விலைக்கு விற்ற செயலியின் வேகத்தை ஏழை மாணவன் ஒரு துண்டு நாடாவால் எட்டினான்.

2000-இல் வெளிவந்த ஏ.எம்.டி.யின் டியூரான், ஏத்லான் செயலிகளின் மேல் நுண்ணிய பாலங்கள் சில இருந்தன. வேகத்தை மாற்றாதிருக்கும் பொருட்டு நிறுவனம் அவற்றை அறுத்து விற்றது. பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்று பள்ளியில் படித்தவர்கள், அப்பாலங்களைப் பென்சிலால் தேய்த்து மீண்டும் இணைத்தார்கள். பாடநூலில் உறங்கிய ஓர் உண்மை கைத்தொழிலில் விழித்தெழுந்தது என்றே சொல்லவேண்டும். வேகம் கூடின் வெப்பமும் கூடும். ஆகவே விசிறியை மாற்றுவதும், பெட்டியில் துளையிட்டுக் காற்றோட்டம் அமைப்பதும் உடன் வளர்ந்தன.

சந்தையில் கற்கும் பாடம்

ஜார்ஜ் டவுனில் கயிறு திரிப்போர் வாழ்ந்த தெரு ரோப் வாக். மலாயில் ஜாலான் பிந்தால் தாலி என்பர். அங்கே நெடுங்காலம் பழம்பொருட் சந்தை நடந்தது. பின்னர் அது நகர விளையாட்டரங்கின் அருகிலுள்ள லோரோங் கூலிட்டுக்கு மாறிற்று. பழைய நாணயம், கடிகாரம், துணி இவற்றோடு மின்பொருள்களும் அங்கே பரப்பப்படுகின்றன. கொம்தார் கட்டடமும் அதனையடுத்த பிராங்கின் வணிக வளாகமும் கணினிக் கடைகளுக்குப் பெயர் பெற்றவை.

இந்நாளில் குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைப்போர் பலர் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியை முதலில் வாங்குவர். 2013-ஆம் ஆண்டின் நான்கு உட்கருச் செயலி கொண்டதாயினும் தாழ்வில்லை. நினைவகத்தைக் கூட்டி, சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வைப்பர். பின்பு கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பர். இங்கேதான் அறிவு வேண்டும். அலுவலகக் கணினியின் பவர் சப்ளை பெரும்பாலும் சிறியது. சில நிறுவனங்களின் இணைப்பு முனை பிறவற்றோடு பொருந்தாது. தாய்ப்பலகையின் செருகுவாயோ 75 வாட் வரை மின்சாரம் தரவல்லது. ஆதலால், 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. போன்று, அந்த 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளையே விவரமறிந்தோர் நாடுவர்.

சந்தையில் ஏமாற்றும் உண்டு. 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்னும் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதற்காக இரவுபகலாக உழைத்த கிராபிக்ஸ் கார்டுகள் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. துடைத்துப் பளபளப்பாக்கிய கார்டின் விசிறி தேய்ந்திருக்கலாம். மின்தேக்கியின் தலை உப்பியிருந்தால் அத்தாய்ப்பலகையைத் தொடலாகாது. வட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதன் உட்பதிவே காட்டும். பழையது வாங்கலாகாத உறுப்பு ஒன்று உண்டெனில் அது பவர் சப்ளை. அது பழுதானால் மற்றவற்றையும் கெடுக்கும். இவையெல்லாம் எந்தக் கல்லூரியும் சான்றிதழ் தந்து கற்பிக்காத பாடங்கள். கையும் கண்ணும் பழகிப் பெற்றவை.

மறுபயன் வேறு, குப்பை வேறு

ஆயினும், பழம்பொருள் அனைத்தும் நன்மையே என்று கூறுதல் பொருந்தாது. செல்வ நாடுகள் தம் கழிவைப் பழம்பொருள் என்ற பெயரால் ஏழை நாடுகளில் தள்ளுவது நெடுநாளாக நடப்பது. அதனைத் தடுக்கவே 1989-இல் பாசல் உடன்படிக்கை உருவாயிற்று. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகள் மின்கழிவைத் தனி வகையாகப் பட்டியலிட்டன. 2018-இல் சீனா பலவகைக் கழிவுகளை ஏற்க மறுத்தபின், அவை தென்கிழக்காசியத் துறைமுகங்களை நோக்கித் திரும்பின. 2020 சனவரியில், நெகிழிக் கழிவு நிரம்பிய 150 கொள்கலன்களைத் திருப்பியனுப்பிவிட்டதாக மலேசிய அரசு அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை பினாங்குத் துறைமுகம் வழியே சென்றவை. மின்கழிவு எவ்வகையாயினும் பெறும் நாட்டின் முன்னிசைவு வேண்டும் என்னும் பாசல் திருத்தம் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

குப்பையையும் மறுபயனையும் பிரிப்பது யாது? பொருளைப் படித்தறியும் அறிவே. அறிந்தவன் கையில் பழைய செயலி ஒரு கணினி. அறியாதவன் கையில் அது நெருப்பிலிட்டுச் செம்பு எடுக்கும் பண்டம். அந்நெருப்பின் புகையை முகர்வோர் ஏழைகளே.

இவ்வறிவுக்கு இன்று இரு திசையிலிருந்து இடர் வருகிறது. ஒன்று, புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்படுகிறது. கழற்றவும் மாற்றவும் வழியில்லை. மற்றொன்று, நல்ல நிலையிலுள்ள கணினியும் செயல்முறை மாற்றத்தால் பழையதாக்கப்படுகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்போ, ஏறத்தாழ 2017-க்கு முற்பட்ட செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. தேய்மானம் இல்லாமலே அக்கணினிகள் கழிவின் பட்டியலில் சேர நேர்கிறது. தமிழிலும் இயங்கவல்ல லினக்ஸ் அவற்றுள் பலவற்றுக்கு மறுவாழ்வு தரக்கூடும்.

நிறைவுரை

பினாங்கின் தொழில் வரலாற்றை எழுதுவோர் நிறுவனங்களின் பெயரையும் ஏற்றுமதிக் கணக்கையும் நிரம்ப எழுதியுள்ளனர். அவை வேண்டியனவே. ஆனால், முன்னைத் தலைமுறை சில்லைப் பொருத்தியது. அதன் பயனோ கடல் கடந்தது. இன்றைய இளைஞன் அதே சில்லைச் சந்தையில் கண்டெடுத்து, அதன் எழுத்தைப் படித்து, தனக்கென ஒரு கருவியைப் பொருத்திக்கொள்கிறான். பொருத்திய கைக்கும் பொருளுக்கும் இடையே இருந்த தொலைவு அப்போதுதான் குறைகிறது.

ஆகவே, தமிழாசிரியப் பெருமக்கள் ஒன்று செய்தல் நன்று. பள்ளியில் ஒரு மூலையில் பயனற்றுக் கிடக்கும் கணினியை எடைக்குப் போடுமுன், மின்னிணைப்பை நீக்கிவிட்டு, அதன் மூடியை மாணவர் முன் ஒருமுறை திறந்து காட்டுங்கள். எது செயலி, எது நினைவகம் என்று தமிழிற் பெயர் சொல்லுங்கள். சில்லின் மேலுள்ள ஊர்ப்பெயரைப் படிக்கச் செய்யுங்கள். தம் ஊரின் வரலாறு தம் உள்ளங்கையில் இருப்பதை அப்பிள்ளைகள் அன்று அறிவார்கள்.