ஈஸ்னோபீலியா: வேலூரில் பிடிபட்டது, திருவனந்தபுரத்தில் நழுவியது

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு 'ஈஸ்னோபீலியா' என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். ராத்திரியானால் இருமல், மூச்சில் விசில் சத்தம், லேபிலிருந்து வரும் சீட்டில் ஈஸ்னோபில் கணக்கு எகிறியிருக்கும். டாக்டர் ஹெட்ரசான் மாத்திரை எழுதிக் கொடுப்பார். தயிர் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று பாட்டி தன் பங்குக்கு ஒரு பத்தியம் சொல்வார். குளிர் தேசங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ அலர்ஜி என்றால் வேர்க்கடலையும் மகரந்தமும்தான்.

இந்த ஈஸ்னோபில் அணுவைச் சுற்றி நம் பக்கத்தில் இரண்டு பெரிய மருத்துவத் துப்பறியும் கதைகள் நடந்திருக்கின்றன. இரண்டிலும் பயாப்ஸி, அதாவது உடம்பிலிருந்து ஒரு துளி சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, முக்கிய சாட்சி. ஒரு வழக்கில் சாட்சி குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. இன்னொன்றில் சாட்சி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலில் அணுவைப் பற்றி இரண்டு வரி. 1879-ல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், ஈஸின் என்ற சாயத்தை இழுத்துக்கொண்டு சிவக்கிற ஒரு வகை வெள்ளணுவைக் கண்டார். அதுதான் ஈஸ்னோபில். புழுக்கள் உடம்பில் புகுந்தாலோ, அலர்ஜி வந்தாலோ இதன் எண்ணிக்கை கூடும். இதன் உள்ளே இருக்கும் துகள்களில் விஷமான புரதங்கள் உண்டு. புழுவைத் தாக்கத்தான் அவை இருக்கின்றன. அளவு மீறினால் சொந்த உடம்பையே புண்ணாக்கிவிடும்.

முதல் கதை. 1940-ல், அன்றைய மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனபள்ளி டிபி சானடோரியத்தின் டாக்டர்கள் ஃப்ரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் ஒன்றைக் கவனித்தார்கள். சில நோயாளிகளின் எக்ஸ்ரே டிபி மாதிரி இருக்கிறது, ஆனால் டிபி இல்லை. ரத்தத்தில் ஈஸ்னோபில் மட்டும் ஏராளம். 1943-ல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு 'ட்ராப்பிகல் ஈஸ்னோபீலியா' என்று பெயர் வைத்தார். ஆர்செனிக் ஊசி போட்டால் குணமாகிறது என்றும் எழுதினார். காரணம் என்ன என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பின்னர் யானைக்கால் மருந்தான ஹெட்ரசானுக்கும் இந்த நோய் கேட்கிறது என்று தெரிந்ததும் ஃபைலேரியா புழு மேல் சந்தேகம் திரும்பியது. ஆனால் நோயாளிகளின் ரத்தத்தில் எவ்வளவு தேடினாலும் புழு இல்லை!

1960-ல் வேலூர் சி.எம்.சி.யின் வெப், ஜோப், கால்ட் ஆகிய மூவரும் லான்செட் இதழில் விடையை எழுதினார்கள். ரத்தத்தில் தேடாமல் நுரையீரல், கல்லீரல், நெறிக்கட்டு ஆகியவற்றின் பயாப்ஸியில் தேடினார்கள். அங்கே ஈஸ்னோபில்கள் சூழ்ந்த நிலையில் குட்டிப் புழுக்கள் கிடந்தன. உடம்பின் எதிர்ப்புசக்தி மிகையாக வேலை செய்து, புழுவை ரத்தத்தில் ஓட விடாமல் திசுக்களுக்குள்ளேயே மடக்கிக் கொன்றுகொண்டிருந்தது. அந்தச் சண்டைதான் ராத்திரி இருமல்.

இதில் புலம்பெயர்ந்த தமிழர்களின் பங்கும் உண்டு. சிங்கப்பூரில் டாக்டர் டி.ஜே. தனராஜ் இதே நோயின் சிகிச்சையையும் நுரையீரல் பயாப்ஸியையும் ஆராய்ந்து 1958, 1959-ல் எழுதினார். 1966-ல் அவரோடு சேர்ந்து நோயின் காரணத்தைப் பற்றிய கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் நோய்க்கூறு நிபுணர் கே. சண்முகரத்தினம். 2023-ல் சிங்கப்பூர் அதிபரான தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை. தனராஜ் பின்னர் கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் டீன் ஆனார்.

சரி, திருவனந்தபுரத்துக்கு வருவோம்.

அங்கே ஈஸ்னோபில் மேல் விழுந்த சந்தேகம் இருமலுக்காக இல்லை, இதயத்துக்காக. நோயின் பெயர் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக ஈ.எம்.எஃப். இதய அறைகளின் உள்சுவரில் வெள்ளை வெளேரென்று தழும்புத் திசு படர்ந்து இறுகிவிடும். அறை விரியாது, ரத்தம் உள்ளே வர இடமிருக்காது. வலது பக்கம் பாதித்தால் வயிற்றில் நீர் கோத்துக் குடம் போல் ஆகும், கைகால்கள் குச்சியாகும். பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகளும் இளைஞர்களும்தான் நோயாளிகள். 1948-ல் உகாண்டாவில் ஜே.என்.பி. டேவிஸ் இதை விவரித்தார். 1959-ல் இலங்கையிலிருந்து நாகரத்தினமும் திசாநாயக்கவும் எழுதினார்கள். தென்கேரளமோ உலகத்திலேயே இந்த நோய் அதிகம் தென்பட்ட இடங்களில் ஒன்றாக இருந்தது. 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், 1976-ல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனமும் பல வருடங்கள் இதோடு மல்லுக்கட்டின.

ஈஸ்னோபில் எப்படி இதில் வந்தது? 1936-லேயே சுவிட்சர்லாந்தின் லோஃப்லர், ஈஸ்னோபில் பெருகிய நோயாளிகளுக்கு இதே மாதிரி இதயத் தழும்பு வருவதை எழுதியிருந்தார். 1973-ல் லண்டனில் பிராக்கிங்டனும் ஓல்சனும் இரண்டும் ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்களாக இருக்கலாம் என்றார்கள். முதலில் ஈஸ்னோபில்கள் தசையை அரிக்கும், பிறகு அங்கே ரத்தம் உறையும், கடைசியில் தழும்பு. கேட்க அழகான கொள்கை. திருவனந்தபுரத்தின் டாக்டர் ஜி. விஜயராகவனும் லண்டன் ஆய்வாளர்களும் இரு பிரதேச நோயாளிகளையும் ஒப்பிட்டு 1983-ல் எழுதினார்கள்.

1962-ல் ஜப்பானின் சகாகிபாராவும் கொன்னோவும் உருவாக்கிய கருவியால், ரத்தக்குழாய் வழியே போய் இதயத்திலிருந்தே ஒரு துணுக்கு எடுக்க முடிந்தது. ஆனால் நம் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது வயிறு வீங்கியிருக்கும், வருடங்கள் ஓடியிருக்கும். துணுக்கில் தெரிவது தடித்த தழும்புதான், ஈஸ்னோபில்கள் அபூர்வம். சாம்பலைப் பார்த்து நெருப்பு எரிந்தது என்று சொல்லலாம், யார் பற்ற வைத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? ரத்தத்தில் ஈஸ்னோபில் கூடியிருந்தாலும் அது சாட்சியாகாது. வயிற்றுப் புழுவும் ஃபைலேரியாவும் மலிந்த ஊரில் நோயில்லாதவர்களுக்கும் அது கூடித்தான் இருக்கும்.

ஸ்ரீ சித்திராவின் முதல் இயக்குநர் எம்.எஸ். வலியத்தான் (2024-ல் மறைந்தார்) இதய அறுவை நிபுணர். தழும்பை உரித்தெடுத்து வால்வு மாற்றும் அறுவை சிகிச்சையைப் பலருக்குச் செய்தவர். அவரும் நோய்க்கூறு நிபுணர் சி.சி. கர்த்தாவும் பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1986-ல் வேறொரு சந்தேக நபரைக் காட்டினார்கள்: மண். சவரை முதல் நம் மணவாளக்குறிச்சி வரை கடற்கரையில் மோனசைட் மணல் உண்டு. அதில் தோரியத்தோடு சீரியம் என்ற தனிமமும் இருக்கிறது. நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியம் கூடுதலாக இருந்தது. அந்த மண்ணின் கிழங்கை நம்பி வாழ்ந்து, மக்னீசியச் சத்துக் குறைந்த உடம்பில் சீரியம் சேர்ந்து இதயத்தைக் கெடுக்கிறது என்பது அவர்களின் கொள்கை.

எது சரி? தீர்ப்பு வருவதற்குள் நோயே காணாமல் போய்விட்டது. 2012-ல் விஜயராகவனும் சிவசங்கரனும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'மறைந்துவரும் நோய்' என்று இருக்கிறது. மண் மாறவில்லை, மணலும் அங்கேயேதான் இருக்கிறது. மாறியது வாழ்க்கை. சோறும் மீனும் பாலும் வந்தன, கக்கூஸ் வந்தது, செருப்பு வந்தது. வயிற்றுப் புழுவும் சத்துக் குறைவும் கிழங்கு மட்டுமே என்ற சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றாகவே குறைந்தன. அதனால்தான் எது குற்றவாளி என்று இன்று பிரித்தெடுக்க முடியவில்லை.

போனால் போகிறது, நோய்தான் இல்லையே என்று விட்டுவிடலாமா? மொசாம்பிக்கின் ஒரு கிராமப்புறத்தில் 1,063 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2008-ல் வெளியானது. 19.8 சதவீதம் பேருக்கு இந்த நோய்! அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. கேரளத்தில் கைநழுவிப்போன ஆரம்பக் கட்டத்தை அங்கேதான் தேட வேண்டும்.

குமரி மாவட்டமும் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது; பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் போகும் பழக்கம் இன்றும் உண்டு. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் 'மகோதரம் வந்து சின்ன வயசிலேயே போயிட்டான்' என்று யாரையாவது பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். மகோதரத்துக்குக் கல்லீரல், டிபி என்று காரணங்கள் பல. அவற்றில் சில இந்த இதய நோயாகவும் இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பயாப்ஸி எடுக்கவில்லை. அவர்களின் பெயராவது தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், போனில் பேசும்போது கேட்டு வையுங்கள்.