இத்தாலிய விருந்தும் மாத்தளைப் பாதையும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ-9 வீதியில் வடக்கே செல்பவர் அலுவிகாரையைக் கடந்தபின் பலாபத்வலவை அடைவார். இவ்வீதியோரத்தில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உள்ளன. உல்லாசப் பயணிகளை ஏற்றிவரும் வாகனங்கள் அங்கே நின்று செல்லும். மிளகுக் கொடியையும், சாதிக்காய், கராம்பு, கறுவா, கொக்கோ மரங்களையும் ஒரே வளவுக்குள் பார்த்துவிடலாம். வழிகாட்டிகள் இவற்றின் மருத்துவக் குணங்களை விரிவாகச் சொல்வார்கள். இவற்றின் வரலாற்றை அவ்வளவாகச் சொல்வதில்லை.

அந்த வரலாற்றின் ஒரு சிறு பகுதியைச் சொல்வதற்கு, முதற்பார்வையில் பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது இத்தாலியரின் மரபு விருந்து. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். எந்தப் பட்டியலைக் கண்டாலும் அதில் விடுபட்ட பெயர் எது என்று தேடத் தோன்றும். இத்தாலிய உணவுப் பட்டியலையும் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

சுற்றுச் சுற்றாக ஓர் உணவு

எமது வாழையிலையில் கறிகள் யாவும் முதலிலேயே இடம்பிடித்துவிடும். சோறு மட்டும் குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று சுற்று வரும். இத்தாலியரின் முழு விருந்தில் உணவே சுற்றுச் சுற்றாக வருகிறது. ஒன்றை உண்டு முடித்துத் தட்டு அகன்ற பின்னரே மற்றது வரும்.

முதலில் வருவது அன்டிபாஸ்டோ. ‘உணவுக்கு முன்’ என்பது இச்சொல்லின் பொருள். உப்பிட்டு உலர்த்திய இறைச்சித் துண்டுகள், ஒலிவ் காய்கள், எண்ணெயில் ஊறிய காய்கறிகள் என்று சிறிய அளவில் பசியைத் தூண்டுவன இதில் அடங்கும். பொலோஞ்ஞா நகரின் மோர்ட்டடெல்லா என்ற பன்றியிறைச்சித் தயாரிப்பும் இச்சுற்றில் இடம்பெறும். அதன் சுவைக்குக் கருமிளகு இன்றியமையாதது.

அடுத்து ‘முதலாவது’ என்று பொருள்படும் ப்ரீமோ. பாஸ்டா, ரிசோட்டோ என்ற சோறு, சூப் ஆகியன இதில் வரும். உரோமின் ‘காச்சோ எ பெப்பே’ பாஸ்டாவுக்கு ஆட்டுப்பாற் சீஸும் கருமிளகுமே சுவை. அதன் பெயரே ‘சீஸும் மிளகும்’ என்பதுதான். பொலோஞ்ஞாவின் தோர்த்தெல்லினி, உள்ளீடு வைத்து மடித்த சிறிய பாஸ்டா. அந்த உள்ளீட்டின் செய்முறை 1974ஆம் ஆண்டு அந்நகரின் வர்த்தகச் சம்மேளனத்தில் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. பன்றியிறைச்சி, மோர்ட்டடெல்லா, பார்மிஜானோ சீஸ், முட்டை ஆகியவற்றோடு சாதிக்காயும் அப்பதிவில் இருக்கிறது.

மூன்றாவது செக்கொண்டோ, அதாவது ‘இரண்டாவது’. இறைச்சியோ மீனோ வரும். கொன்தோர்னோ எனப்படும் காய்கறி துணையாக இருக்கும். புளோரன்ஸுக்கு அருகிலுள்ள இம்ப்ருனெத்தா, ஓடும் செங்கல்லும் சுடும் ஊர். அங்கே மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனிலும் ஏராளமான மிளகிலும் நெடுநேரம் வேகவைக்கும் ‘பெப்போஸோ’ என்ற உணவு உண்டு. சூளைத் தொழிலாளர்கள் சூளையின் சூட்டிலேயே சமைத்துக்கொண்ட உணவு இது என்பது அவ்வூர் மரபு.

பின்னர் சீஸும் பழமும் வரும். அதன்பின் தோல்ச்சே என்ற இனிப்பு. சியன்னா நகரின் பான்போர்த்தேயில் பருப்புகளோடும் பழப்பாகோடும் கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் சேரும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த திராமிசுவின் மேல் கொக்கோத் தூள் தூவப்படும். இறுதியில் ஒரு சிறு கிண்ணத்தில் பாலில்லாக் கோப்பி.

பொலோஞ்ஞா, உரோம், இம்ப்ருனெத்தா, சியன்னா என்று ஒவ்வோர் உணவும் ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வூர்கள் தமது பெயரைக் காக்கப் பதிவேடு வரை செல்கின்றன. ஆனால் மிளகும் சாதிக்காயும் கறுவாவும் கராம்பும் கொக்கோவும் கோப்பியும் இத்தாலியில் விளைந்தவையல்ல. அவை விளைந்த ஊர்களின் பெயர் பட்டியலில் எங்குமில்லை.

வரிசையின் வயது

இந்த வரிசை தொன்மையானது என்று பலரும் எண்ணுவர். அது ஓரளவே உண்மை. பழைய உரோமர் முட்டையில் தொடங்கிப் பழத்தில் முடித்தனர். மறுமலர்ச்சிக் காலப் பிரபுக்களின் விருந்துகளில் குளிர்ந்த உணவுகளும் சூடான உணவுகளும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு முறையும் பல உணவுகள் ஒருங்கே மேசையை நிறைத்தன. பாப்பரசர்களின் சமையற்காரராக இருந்த பார்த்தொலொமேயோ ஸ்காப்பி 1570இல் வெளியிட்ட பெருநூலில், இறைச்சிக்கும் பாஸ்டாவுக்கும்கூடச் சர்க்கரையும் கறுவாவும் சேர்க்கப்படுவதைக் காணலாம். தக்காளிச் சாறு இத்தாலிய அச்சு நூலில் இடம்பெற்றது 1690களில், அந்தோனியோ லத்தீனியின் நாப்போலி நூலில்தான். அதையும் அவர் ‘ஸ்பானிய முறை’ என்றே குறித்தார்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை ஐரோப்பாவெங்கும் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1861இல் இத்தாலி ஒரே நாடாயிற்று. 1891இல் பெல்லெக்ரீனோ அர்தூசி என்பவர் தம் எழுபத்தோராம் வயதில் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். புதிய நாட்டுக்கு ஒரு பொதுச் சமையலை வகுத்த நூல் என்று அது மதிக்கப்படுகிறது. அந்நூலிலேயே ஒரு சுவையான குறிப்பு உண்டு. பசியூட்டும் சிறு உணவுகளைத் தொஸ்கானாவில் சூப்புக்குப் பின்னரும் வேறிடங்களில் முன்னரும் பரிமாறுகிறார்கள் என்றும், பின்னர் பரிமாறுவதே தமக்கு நியாயமாகத் தோன்றுகிறது என்றும் அர்தூசி எழுதுகிறார். ‘உணவுக்கு முன்’ வரவேண்டியது முன்னா பின்னா என்பதே அப்போது முடிவாகவில்லை!

வெனிசும் எமது கரைகளும்

இத்தாலியர் எம்மை அறிந்தது உணவுப் பொருள்களின் வழியாகத்தான். உரோம் நகரில் முதலாம் நூற்றாண்டிலேயே மிளகுக்கெனப் பண்டகசாலைகள் கட்டப்பட்டன. இடைக்காலத்தில் மலபார் மிளகு அரபு வணிகர் கைமாறி எகிப்து சென்று, அங்கிருந்து வெனிசை அடைந்தது. 1290களில் பாண்டிய நாட்டைக் கண்ட வெனிஸ்காரர் மார்க்கோ போலோ, இங்குள்ள மக்கள் வலக்கையால் மட்டுமே உண்பதையும், பாத்திரத்தில் வாய் படாமல் நீர் அருந்துவதையும் வியப்போடு பதிவு செய்தார். எமது உணவு முறையைப் பற்றி ஓர் இத்தாலியர் எழுதிய பழைய குறிப்பு அது. பதினைந்தாம் நூற்றாண்டில் வந்த நிக்கோலோ தெ கொந்தி இலங்கையில் கறுவா மரம் வளர்வதை விவரித்தார்.

இவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், விலையை விசாரித்தார்கள். பட்டை உரித்தவரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பின்னாளில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கறுவாவைக் கைப்பற்றியபோதும் கதை அதுவே.

வடக்கிலிருந்து வந்த பாதை

பலாபத்வல வழியாகச் செல்லும் இவ்வீதியின் இன்னொரு வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. பிரித்தானியர் மலைநாட்டில் கோப்பி பயிரிட்டபோது இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். காட்டுவழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா எனக் கால்நடையாக மாத்தளையை அடைந்தார்கள். மலேரியாவும் வாந்திபேதியும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டன. அவர்களின் பெயரேடு எதுவுமில்லை. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்த பிறகே அந்த நடைப்பயணம் பழங்கதையாயிற்று.

1869இல் இலங்கைக் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியது. மாத்தளைக்கு ரயில் வந்த 1880இல் கோப்பி ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. மாத்தளையிலும் தும்பறையிலும் தோட்டக்காரர்கள் கொக்கோவுக்கு மாறினார்கள். பின்னர் தேயிலையும் றப்பரும் வந்தன. 1884இல் இத்தாலியின் தூரின் கண்காட்சியில் அஞ்செலோ மொரியொந்தோ என்பவர் நீராவியால் இயங்கும் கோப்பி இயந்திரமொன்றைக் காட்டினார். இன்றைய எஸ்பிரஸோவின் மூதாதை அது. விருந்தின் கடைசிச் சுற்று அங்கே உருவம் பெற்ற அதே ஆண்டுகளில், அச்சுற்றுக்காக இங்கே உழைத்தவர்கள் கோப்பிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உணவுக்குச் சுற்றுகள் கிடையா. ரொட்டி, சம்பல், தேநீர். வாய்த்த நாளில் சோறு.

இத்தாலிய உழவனின் தட்டு

இவ்விடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அர்தூசியின் காலத்தில் அவருடைய விருந்தை உண்டவர்கள் நகரத்து வசதி படைத்தோர். வட இத்தாலியின் உழவன் சோளமாக் களியையே நாள்தோறும் உண்டான். அதனால் ஊட்டம் குன்றிப் பெலாக்ரா என்ற நோய் வெனெத்தோவிலும் லொம்பார்தியாவிலும் பல்லாயிரவரை வருத்தியது. 1888இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட காலத்தில், அங்கே கோப்பி பறிக்க ஆட்கள் தேவைப்பட்டனர். கப்பலேறியவர்களில் பெரும் தொகையினர் இத்தாலிய ஏழைகளே. அங்கு அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்ட இத்தாலிய அரசு, 1902இல் பிறர் செலவில் ஆளேற்றிச் செல்வதைத் தடை செய்தது.

ஆக, அந்தச் சிறு கோப்பிக் கிண்ணத்தின் அடியில் தமிழ்க் கூலியும் இத்தாலியக் கூலியும் சில பத்தாண்டு இடைவெளியில் நின்றார்கள். ஒரு வேறுபாடு உண்டு. இத்தாலியரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த விருந்து கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு செழித்தபோது, சீமான்களின் வரிசை ஞாயிற்றுக்கிழமை வீட்டு மேசைக்கு இறங்கிவந்தது. அதைத்தான் இன்று ‘மரபு’ என்கிறார்கள். இங்கோ 1948இல் இயற்றப்பட்ட சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அந்தக் குறை சட்டப்படி தீர்வதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் குடியேறினர். இத்தாலியர் வீடுகளில் பணிபுரிந்து வாழ்வை அமைத்துக்கொண்டார்கள். அந்நகரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துத் தமிழரும் ஏறிச் செல்கிறார்கள். பொருளுக்குப் பின்னே மனிதரும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

விருந்தின் வரிசை பிழையென்று நான் சொல்லவரவில்லை. அழகான வரிசைதான். நல்ல சமையலைப் போற்றத் தெரிந்த மக்கள் அதை ஆக்கியிருக்கிறார்கள். தோர்த்தெல்லினியின் உள்ளீட்டைப் பதிவு செய்த பொலோஞ்ஞாக்காரரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. எழுதிவைத்தால்தான் மரபு. 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்தது. மூதாதையர் நடந்த பாதையைக் காலால் எழுதிய பதிவு அது. வாசனைத் தோட்டங்களின் வழிகாட்டிகள் மிளகின் மருத்துவக் குணத்தைச் சொல்லி முடித்தபின், வாசலுக்கு வெளியே செல்லும் அந்த வீதியையும் ஒருமுறை சுட்டிக்காட்டலாம்.