கடிதம் எழுதக் கற்றோம்: ஒரு சிறு பாடத்தின் நூறாண்டு

கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். இம்மலரில் அவற்றுக்கு உரிய இடம் உண்டு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது மிகச் சிறிய விடயம். கொப்பியில் இரண்டு பக்கம், பரீட்சையில் சில புள்ளிகள், அவ்வளவுதான். ஆனால் கல்லூரியில் கற்றவற்றுள் பிற்காலத்தில் அதிகம் கைகொடுத்தது எது என்று பழைய மாணவியரிடம் விசாரித்தபோது, உத்தியோகபூர்வக் கடிதம் எழுதுதல் என்று சொன்னவர்கள் ஒருவர் இருவரல்லர்.

எமது மூத்த தலைமுறை இதனை ஆங்கிலத்தில்தான் கற்றது. கேம்பிறிட்ஜ் பரீட்சைகளுக்கு ஆயத்தமான காலம் அது. வலப்பக்க மேல் மூலையில் முகவரி, அதன் கீழ் திகதி, பின்னர் 'சேர்' என்ற விளி, முடிவில் 'யுவர் ஒபீடியன்ற் சேர்வன்ற்'. காற்புள்ளி இடம் மாறினாலும் புள்ளி குறையும். வீட்டில் தமிழில் நலம் விசாரித்து எழுதும் கடிதம் வேறு, கச்சேரிக்கு எழுதும் கடிதம் வேறு என்பதைப் பிள்ளைகள் அப்போதே அறிந்திருந்தனர். ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் காசு கொடுத்துப் பெட்டிசம் எழுதுவிக்க வேண்டியிருந்தது. வீட்டில் படித்த பெண்பிள்ளை ஒருத்தி இருந்தால் அந்தச் செலவு மிச்சம். காணிப் பிணக்கும் வரிக் கணக்கும் அவளுடைய பேனைக்கு வந்து சேர்ந்தன. பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்ட பேரன்மாரே, கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லித் திண்ணையில் காத்திருந்தனர்.

1945இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. தாய்மொழிக் கல்வி கீழ்வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறியது. கடிதத்தையும் தமிழிலே கற்பிக்க வேண்டியதாயிற்று. ஆங்கில வாசகங்களுக்குத் தமிழ் தேடும் வேலை ஆசிரியைகளின் தலையில் விழுந்தது. 'கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடிப்பதா, பெண்கள் எழுதினால் 'ஊழியை' என்பதா என்று வகுப்பில் விவாதம் நடந்ததாக எம்மில் ஒருவர் நினைவுகூர்கிறார். ரீச்சர் சிவப்பு மையால் அந்தச் சொல்லையே வெட்டிவிட்டு, "நீர் ஏன் பிள்ளை ஊழியை? சம்பளம் வாங்கி வேலை செய்யிறவர் அவரெல்லோ" என்றாராம். அதன் பிறகு 'இங்ஙனம், உண்மையுள்ள' என்பதே எமது கொப்பிகளில் நிலைத்தது.

தமிழில் எழுதக் கற்றுவிட்டோம். தமிழில் பதில் வருவது வேறு கதை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல் வந்தபோதும், அதற்கான ஒழுங்குவிதிகள் 1966இல்தான் நிறைவேறின. இடையில், 1961இல், யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. தமிழரசுக் கட்சி தானே முத்திரை அச்சிட்டு அஞ்சற் சேவை நடத்திக் காட்டியதும் அப்போதுதான். அக்காலத்தில் எம்மில் ஒருத்தி, தந்தையார் இறந்தபின் தாயாருக்கு வரவேண்டிய விதவைகள் ஓய்வூதியம் குறித்துத் தமிழில் கடிதம் எழுதினாள். பதில் சிங்களத்தில் வந்தது. வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. சந்தியில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் மாப் படிந்த கையைத் துடைத்துவிட்டு வாசித்துப் பொருள் சொன்னார். இதை அறிந்த ரீச்சர், 'தயவுசெய்து தமிழில் பதில் தரவும்' என்பதைக் கடிதத்தின் இறுதி வரியாக எழுதும்படி முழு வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்த வரிக்குப் பரீட்சையில் புள்ளி இல்லை. ஆனாலும் எழுதினோம்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் அதனை நிருவாக மொழி ஆக்கியது. சட்டம் இவ்வாறு எழுதப்பட்டபோது நாம் யுத்தத்துக்குள் இருந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பாடசாலை விடுகைப் பத்திரமும் பலருக்கு வீட்டோடு போயின. அகதி முகாமில், மரநிழலில், எமது மாணவியர் அயலவருக்காக விண்ணப்பம் எழுதினார்கள். தாள் கிடைப்பதே அரிதான காலம். பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்தெடுத்தார்கள்.

காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிய கடிதங்களும் அந்த நாட்களிலேயே அவர்களிடம் வந்தன. ஒரு தாய் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் எழுதிய மாணவி, கற்ற முறைப்படி அதை ஒரு பக்கமாக்கினாள். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், திகதி, கண்டவர், வேண்டுகோள், இணைப்புகள். வாசித்துக் காட்டியபோது தாய், "நான் சொன்னதெல்லாம் எங்க பிள்ளை?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தனக்கு இன்றுவரை தெரியவில்லை என்கிறார், இன்று தானும் ஓர் ஆசிரியையாக இருக்கும் அந்த மாணவி. ஆனால் அந்த ஒரு பக்கத்தின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் தாய் பையில் வைத்துக் காத்தார். விசாரணை என்று எங்கு அழைத்தாலும் எடுத்துச் சென்றார். பிரதி ஒன்றை வைத்துக்கொள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதே என்பன எமது ரீச்சர்மார் நாள்தோறும் சொன்னவை. அதன் பெறுமதியை நாம் அப்படித்தான் அறிந்தோம்.

குறையையும் சொல்ல வேண்டும். காலப்போக்கில் இப்பாடம் மாதிரிக் கடிதங்களை மனனம் செய்வதாகச் சுருங்கியது. வீதியைத் திருத்தித் தருமாறு பிரதேச சபைத் தவிசாளருக்கு எழுதும் கடிதத்தை ஒப்புவிக்காத மாணவி இல்லை. உண்மையில் அதை அனுப்பியவளும் இல்லை. இதன் விளைவை எமது சங்கமே காண்கிறது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் விடுகைப் பத்திரப் பிரதி கேட்டு மின்னஞ்சல்கள் வருகின்றன. அன்புக்குக் குறைவில்லை. ஆனால் படித்த ஆண்டு இராது, திருமணத்துக்கு முந்திய பெயர் இராது. இடாப்பில் எதைத் தேடுவது?

2017 பெப்ரவரி 3 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. குடிமகள் ஒருத்தி தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். 'ஒபீடியன்ற் சேர்வன்ற்' என்று தொடங்கிய வகுப்பறைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! இன்றைய மாணவியர் ஆண்டுக்கு ஒரு கடிதமேனும் உண்மையாக எழுதி, முத்திரை ஒட்டி, அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கப் பழக வேண்டும் என்பது எமது விருப்பம்.

இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டிகளில் பழைய விண்ணப்பங்களின் பிரதிகள், கந்தோர்களிலிருந்து வந்த பதில்கள், திருத்தப்பட்ட கடிதக் கொப்பிகள் இருந்தால் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி உதவுங்கள். எழுதும்போது நீங்கள் படித்த ஆண்டையும் அக்காலப் பெயரையும் மறவாமற் குறிப்பிடுங்கள். திகதியும் இடுங்கள். ரீச்சர் பார்த்தால் புள்ளி குறைப்பார்.