ஒரு சொல்லும் ஒரு வில்லையும்

நாவலப்பிட்டி ஒரு புகையிரத நகரம். 1874ஆம் ஆண்டில் இருப்புப்பாதை எங்கள் ஊரை எட்டியது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஊருக்குத் தெற்கே உள்ள மலைகளில் ஒரு விமானம் மோதிச் சிதறியது. எனக்கு அப்போது ஏழு வயது. மறுநாள் காலை பெரியவர்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது.

இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரை ஏற்றிவந்த நெதர்லாந்தின் மாட்டின்எயார் நிறுவனத்து டிசி-8 விமானம் அது. கட்டுநாயக்கவில் இறங்கிச் செல்லவிருந்தது. ஊழியர் ஒன்பது பேருடன் மொத்தம் 191 உயிர்கள் ஏழு கன்னியர் மலையில் போயின. ஒருவரும் தப்பவில்லை. பின்னர் அவ்விமானத்தின் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது.

விமானிகள் தம்மிடமிருந்த கருவிகளை நம்பி, விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகக் கணித்திருந்தார்கள். உண்மையில் அவர்கள் இன்னும் மலைநாட்டின் மேல்தான் இருந்தார்கள். கொழும்புக் கட்டுப்பாட்டாளர் முதலில் 5,000 அடிக்கும், அதன்பின் 2,000 அடிக்கும் இறங்க அனுமதி கொடுத்து, விமான நிலையம் கண்ணில் பட்டதும் அறிவிக்கும்படி கூறினார். ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் மலை குறுக்கிட்டது. வானொலியில் பேச்சு ஒழுங்காகவே நடந்தது. ஆனால், பேசிய இருவர் மனங்களிலும் இருந்த விமானம் வேறோர் இடத்தில் பறந்துகொண்டிருந்தது.

இரண்டேகால் ஆண்டு கழித்து, இன்னுமொரு நெதர்லாந்து விமானம் இதைவிடப் பெரிய பாடத்தை உலகுக்குக் கற்பித்தது. இம்முறை அது வானத்தில் இருக்கவில்லை. தரையில், புறப்படும் தறுவாயில் இருந்தது.

1977 மார்ச் 27. கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் அயலிலுள்ள தெனரிஃப் தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் கேஎல்எம், பான் அமெரிக்கன் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747களும் அடங்கும். மாலையில் மூடுபனி இறங்கியது. தரையைக் காட்டும் ராடார் அங்கு இல்லை. கோபுரத்திலிருந்தவருக்கு விமானங்கள் தெரியவில்லை. விமானங்களுக்கு ஒன்றையொன்று தெரியவில்லை. மூவருக்கும் எஞ்சியிருந்தது குரல் ஒன்றே.

கேஎல்எம் ஓடுபாதையின் முனையில் நின்றது. பான் அமெரிக்கன் அதே ஓடுபாதையில் எதிர்முகமாக ஊர்ந்துகொண்டிருந்தது. கோபுரம் கேஎல்எம்முக்குப் புறப்பட்ட பின் செல்லவேண்டிய வழியை அறிவித்தது. அது வழிக்கான அனுமதி மாத்திரமே. ஓடத் தொடங்குவதற்கான அனுமதி அன்று. அதைத் துணை விமானி திருப்பிச் சொல்லி முடிக்குமுன்பே தலைமை விமானி வான் சாண்டன் விமானத்தை ஓட்டத் தொடங்கினார். துணை விமானி, இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம் என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் அதை விளங்கிக்கொண்டது. "ஓகே" என்று கூறிச் சற்று நிறுத்தி, காத்திருங்கள், நான் அழைப்பேன் என்றது. அதே கணத்தில் பான் அமெரிக்கன், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றது. ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோத, கேஎல்எம் விமானி அறையில் கிறீச்சென்ற ஓசைதான் எஞ்சியது. தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே" மட்டும்.

அதன் பின்னரும் ஒரு வாய்ப்பு இருந்தது. பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா என்று விமானப் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகப் பதிலளித்தார். அவர் அந்நிறுவனத்தின் மிக மூத்த பயிற்றுநருள் ஒருவர். மற்றவர்கள் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. 583 பேர் மாண்டனர்.

இதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் புகையிரத சேவையில் பணியாற்றிய என் தந்தையார் நினைவுக்கு வருவார். எங்கள் மலைப்பாதை ஒற்றைப் பாதை. நாவலப்பிட்டியிலிருந்து ஒரு ரயில் அடுத்த நிலையத்துக்குப் புறப்பட வேண்டுமானால், நிலைய அதிபர் வாயால் "போகலாம்" என்று சொன்னால் போதாது. வளையம் பொருத்திய தோல் பையில் "டெப்லட்" எனப்படும் உலோக வில்லை சாரதியின் கைக்கு வரவேண்டும். இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்க இயலாது. வில்லை கையில் இல்லையேல் பயணம் இல்லை. "சொல்லை நம்பாதே, வில்லையை நம்பு" என்பார் தந்தையார். சிறுவயதில் அதை வேடிக்கைப் பேச்சென்றே எண்ணியிருந்தேன்.

அதன் பொருள் பத்திரிகை அலுவலகத்தில்தான் எனக்கு விளங்கியது. தொண்ணூறுகளில் ஓர் இரவு, பிராந்திய நிருபர் ஒருவர் இரைச்சல் மிகுந்த தொலைபேசியில் பேருந்து விபத்துச் செய்தியைச் சொன்னார். இறந்தோர் பெயர்களை முடித்துக் காயமுற்றோர் பெயர்களுக்கு அவர் மாறியது எனக்குக் கேட்கவில்லை. "ஏழு பேரும் இறந்தவர்கள்தானே?" என்றேன். "சரி" என்றார். நான் எழுதிவிட்டேனா என்பதற்கு அவர் சொன்ன "சரி" அது என்று பின்னரே அறிந்தேன். மறுநாள் ஓர் இளைஞர் பத்திரிகையும் கையுமாக வந்தார். அவருடைய தந்தை வைத்தியசாலைக் கட்டிலில் உயிரோடு இருந்தார். ஊரிலோ பந்தல் போடத் தொடங்கியிருந்தார்கள். திருத்தம் வெளியிட்டோம். அந்தத் தாய் அன்று காலை அடைந்த துயரத்துக்கு எந்தத் திருத்தமும் ஈடாகாது.

தெனரிஃபின் பின் விமான உலகம் சொற்களைச் சீர்செய்தது. "டேக்-ஓஃப்" என்ற சொல் அனுமதி வழங்கும்போதோ அதை இரத்துச் செய்யும்போதோ மட்டுமே உச்சரிக்கப்பட வேண்டும். மற்ற வேளைகளில் "டிபார்ச்சர்". வெறும் "ஓகே" போதாது. முக்கியமான கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 1979இல் நாசா நடத்திய கருத்தரங்கைத் தொடர்ந்து, இளையவர் தயங்காது பேசவும் மூத்தவர் செவிமடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் முறை பரவியது.

ஆயினும், 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடாவில் என்ன நேர்ந்தது? நிலநடுக்க நிவாரணப் பொருட்களுடன் நின்ற கரையோரக் காவற்படை விமானத்துக்கு, நீங்கள் "முதலாவது", ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும் இடத்துக்கு வாருங்கள் என்று சொல்லப்பட்டது. அவர்கள் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாக விளங்கிக்கொண்டார்கள். இறங்கிக்கொண்டிருந்த ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினர். காவற்படையின் அறுவரில் ஐவர் இறந்தனர். சொல் பிசகாமல் திரும்பி வந்தது. பொருள் திரும்பி வரவில்லை.

இன்று பல விமான நிலையங்களில் ஓடுபாதையின் வாசலில் சிவப்பு விளக்கு வரிசை பதிக்கப்பட்டுள்ளது. காதில் எது விழுந்தாலும், அது எரியும்வரை கடக்கக் கூடாது. நாவலப்பிட்டி நிலையத்து வில்லையின் தூரத்து உறவு என்றே அதை நான் காண்கிறேன்.

அந்த இளைஞர் வந்துபோன நாளிலிருந்து, யாரேனும் தொலைபேசியில் "சரி" என்றால் "எது சரி?" என்று கேட்கும் வழக்கம் எனக்கு. சிலர் எரிச்சலடைவதுண்டு. அடையட்டும்.